நான் ஒரு ஜெபக் குறிப்பானது

என் மனைவி இறப்பதற்குப் பதினோரு நாள் முன்பு நான் அவளை அடித்தேன். இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் இதைப் பிறர் என்னைவிட நன்றாகவும் உருக்கமாகவும் சொல்லிப் பழகிவிட்டார்கள். அதைப் பற்றியே இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

அவளுக்கு நரம்புகள் ஒவ்வொன்றாகத் தளரும் நோய். நான்கு ஆண்டுகள் படுக்கையில் இருந்தாள். கடைசி எட்டு மாதங்கள் பேச்சு இல்லை. பகலில் ஓர் ஆயா வருவாள். கேனிங் லோக்கல் ரயிலில் ஏறி, பஸ் மாறி, கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் எங்கள் வீட்டுக்குக் காலை எட்டு மணிக்கு வந்து இரவு எட்டுக்குத் திரும்புவாள். மீதிப் பன்னிரண்டு மணி நேரம் என்னுடையது. ஆடி பிறக்கும் முன் பெய்த பெருமழையில் ஒரு புதன்கிழமை ஆயா தொலைபேசியில், "ட்ரெயின் பந்தோ, மேஷோ. இன்னிக்கு வர முடியாது" என்றாள். மேஷோ என்றால் சித்தப்பா முறை. என் மனைவி அவளுக்கு மாஷிமா, அதாவது சித்தி.

அன்று ரவைக் கஞ்சி ஊட்ட ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு கரண்டிக்கும் அவள் தொண்டை அசைகிறதா என்று பார்த்து, அசைந்த பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது முறையும் அவள் எல்லாவற்றையும் வெளியே தள்ளினாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் புறங்கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். "போய்த் தொலையேன்" என்றும் சொன்னேன். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. முகத்தின் தசைகளையும் அந்த நோய் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. அவள் அழுதாளா, கோபித்தாளா, மன்னித்தாளா என்று எனக்குத் தெரிவிக்க அவளிடம் எதுவும் மிச்சமிருக்கவில்லை. பதினோராம் நாள் நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் இறந்தாள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் சொன்னார். நான் அவரைக் கேட்ட கேள்வி அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும்.

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் நான் இதை ஒருவரிடம் சொன்னேன். ஒரே ஒருவரிடம். அவர் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் செயலர். என்னைவிட நான்கு வயது இளையவர். ரயில்வேயில் ஓய்வுபெற்று ஆற்றுக்கு அப்பால் சாந்த்ராகாச்சியிலேயே வீடு கட்டிக்கொண்டவர். இருவருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அவருக்கு நான் அண்ணாச்சி, என் மனைவி மதினி. நான்கு ஆண்டுகள், ஒரு சனிக்கிழமை தவறாமல், ஆற்றைக் கடந்து வந்து அவள் கட்டிலருகே அமர்ந்து வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் போனவர்.

அன்று ஹவுராவிலிருந்து இருவரும் ஆற்றைக் கடக்கும் லாஞ்ச் படகில் வந்துகொண்டிருந்தோம். துறைமுகத்தில் ஆற்றின் ஆழம் அளக்கும் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தவன் நான். அந்த நீரைப் பார்த்துக்கொண்டு பேசுவது எனக்கு எளிது. சொல்லி முடித்தேன். அவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

"இத வேற யார்ட்டயும் சொன்னியளா அண்ணாச்சி?"

"இல்லை."

"சொல்லாதிய. எங்கிட்டச் சொன்னது எங்கிட்டயே கெடக்கும்."

அந்த வார்த்தையை நான் நம்பினேன். அன்றைய மனநிலையில் எனக்கு வேறு எதையும் நம்பும் வலு இருக்கவில்லை.

எங்கள் சபையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாற்பது குடும்பங்கள் இருப்போம். மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள் சிலர், தென்னிந்தியப் பலகாரக் கடை நடத்துவோர் சிலர், என்னைப் போல் வந்த இடத்திலேயே வயதாகிவிட்டவர்கள் சிலர். சொந்தக் கட்டடம் கிடையாது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வங்காளிச் சபையின் கோயிலில் இடம் வாங்கிக் கூடுகிறோம். ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பதால் ஒருவர் வீட்டுச் செய்தி எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. வம்பு பேசுவது பாவம் என்று எல்லோருக்கும் தெரியும்; ஆகவே யாரும் வம்பு பேசுவதில்லை. ஜெபக் குறிப்பு தருகிறார்கள். 'ஒரு சகோதரியின் மகன் வேற்று மதத்துப் பெண்ணை விரும்புகிறான், ஜெபித்துக்கொள்ளுங்கள்.' 'ஒரு குடும்பத்தில் சமாதானம் இல்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்.' பெயர் சொல்வதில்லை. பெயர் சொல்லாததால் மனச்சாட்சி உறுத்துவதுமில்லை. நானும் இத்தனை ஆண்டுகள் இப்படிப்பட்ட குறிப்புகளுக்குத் தலைகுனிந்து 'ஆமென்' சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதே அது எந்தக் குடும்பம் என்று ஊகித்தும் இருக்கிறேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஏழு வீடுகளிலிருந்து கேக் வந்தது. துக்கத்தில் இருப்பவன் மீது உள்ள அன்பு என்று எண்ணிக்கொண்டேன். புத்தாண்டு ஆராதனை முடிந்த வாரத்தில் காபிப்பொடி வாங்க, தெற்குக் கொல்கத்தாவில் எங்கள் சபைப் பெண் ஒருத்தி நடத்தும் கடைக்குப் போனேன். ஒரு வங்காளி அம்மாள் முறுக்குப் பொட்டலங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அரைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கடைக்காரப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், நீங்க ஒண்ணையும் மனசுல வச்சுக்காதீங்க. ஆன்ட்டிய கையில அடிச்சதெல்லாம் ஆண்டவர் அன்னைக்கே மன்னிச்சுட்டார்."

எனக்குச் சட்டென்று எதுவும் விளங்கவில்லை. "யார் சொன்னது?" என்றேன்.

"ஐயோ, யாரும் சொன்னதுன்னு இல்ல அங்கிள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல குறிப்பா வந்துச்சு. பேரெல்லாம் சொல்லல. மனைவியைப் பறிகொடுத்த ஒரு சகோதரர், அவங்கள கையில அடிச்சிட்ட குற்ற உணர்ச்சியிலேருந்து விடுதலை ஆகணும்னுதான். அஞ்சு மாசமா உங்களுக்காக பாரத்தோட ஜெபிக்கிறோம் தெரியுமா? நான் ரெண்டு வாரம் அழுதே போட்டேன்."

"அப்படியா" என்றேன்.

"சிக்கரி எப்பவும் போலவா, இல்ல கொஞ்சம் கொறைக்கட்டுமா?"

"எப்போதும் போல."

அவள் நல்லவள். அவள் கண்களில் இருந்தது உண்மையான இரக்கம். கையில் கத்தியோடு வந்திருந்தால்கூட அவளைத் தாங்கிக்கொண்டிருப்பேன்.

ஐந்து மாதங்கள். அவர்கள் எல்லோருக்கும் நடுவில் நான் அமர்ந்திருந்த ஒவ்வொரு ஞாயிறும், என் தோளில் விழுந்த ஒவ்வொரு கையும், அந்த ஏழு கேக்குகளும், வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒவ்வொன்றாக வேறு பொருள் கொண்டன. மறுநாளே ஆற்றின் இரண்டாம் பாலத்தைக் கடந்து சாந்த்ராகாச்சிக்குப் போனேன்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, போன்கூடப் பண்ணாம?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் நண்பர். ரயில் யார்டில் பெட்டிகளை இணைக்கும் இரும்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

எது என்று அவர் கேட்கவில்லை. "மொதல்ல தண்ணியக் குடிங்க."

"எத்தனை பேர், தம்பி?"

"வெள்ளிக்கிழமைக்கு ஒரு பன்னெண்டு பதிமூணு பேர் வருவாக. பேர் சொல்லலியே அண்ணாச்சி."

"மனைவியைப் பறிகொடுத்த சகோதரர்கள் நம் சபையில் எத்தனை பேர்?"

அவர் உண்மையாகவே மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. பிறகு, "நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி தேநீரோடு வந்தார். "அண்ணே, இவுக என்ட்ட மட்டுந்தான் சொன்னாக. நாந்தான் ஜெபத்துல வச்சேன். ஒங்களுக்காக ஜெபம் பண்ணுனது ஒரு தப்பா?"

"தப்பில்லை அம்மா. ஆண்டவருக்கு அது முன்பே தெரியும். அவருக்கு நினைவுபடுத்தப் பன்னிரண்டு பேரைக் கூட்ட வேண்டியிருந்ததே, அதுதான் எனக்குப் புரியவில்லை."

அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. அது எனக்குச் சிறிது இதமாகக்கூட இருந்தது. நண்பர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்குச் சொமக்க முடியல அண்ணாச்சி. மதினி கையவே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒறக்கம் இல்ல. அதான் இவகிட்டச் சொன்னேன். மன்னிச்சிருங்க."

"முடியவில்லை."

"முடியாது" என்றார், தலையை நிமிர்த்தாமலே. "ஒங்களையே ஒங்களால மன்னிக்க முடியல. எனக்கு மட்டும் எங்கேருந்து எடுத்துத் தருவிய?"

குற்றம் செய்தவர் எனக்கு உபதேசமும் செய்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. தேநீரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து; பந்தி என்றும் சொல்வோம். சகோதரனோடு மனத்தாங்கல் உள்ளவன் அதைத் தீர்த்துக்கொள்ளாமல் பந்திக்குப் போகக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய ஒழுங்கு. சிறுவயதிலிருந்து அதில் வளர்ந்தவன் நான். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஐந்து முறை, எல்லோரும் வரிசையாக எழுந்து முன்னே போனபோது, நான் பெஞ்சிலேயே அமர்ந்திருந்தேன். எனக்கும் செயலருக்கும் பேச்சில்லை என்பது ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதுவும் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை குறிப்பாகியிருக்கும். அவர் மட்டும் தவறாமல் பந்திக்குப் போனார். முழங்காலிட்டிருக்கும் அவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு நான் இருந்த இடத்தில் இருந்தேன். இந்த ஆயுளில் அந்த அப்பமும் ரசமும் இனி எனக்கு உண்டா என்பது உள்ளபடியே எனக்குத் தெரியவில்லை. என் வயதில் ஐந்து மாதம் சிறிய காலமல்ல.

அவர் காரணமாகத்தான் என்னால் பந்திக்குப் போக முடியவில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை அல்ல என்பது எனக்குத் தெரிய வந்தது ஒரு ஜூன் மாதக் காலையில், எங்கள் பிளாக்கின் பூங்காவில். பழைய ஆயா வேறொரு கிழவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் வங்காள மொழியில்தான் பேசினாள், நானும்.

"மேஷோ! இது என்ன கோலம்? சாப்பிடுறீங்களா, இல்ல டீயிலயே காலம் ஓடுதா?" என்று அதட்டினாள். கிழவரை மர நிழலில் நிறுத்திவிட்டு என் பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்தாள். மாஷிமாவின் புடவை ஒன்றை இன்னும் கட்டாமல் வைத்திருப்பதாகச் சொன்னாள். பிறகு முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"மேஷோ, உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். அந்தப் பெரிய மழை புதன்கிழமை, ட்ரெயின் ஓடிச்சு."

கிழவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"நாப்பத்து மூணு நாளா ஒரு லீவு இல்ல. காலையில எழுந்திரிக்கப் பார்த்தேன், உடம்பு வரல. பந்த்னு சொல்லிட்டு மத்தியானம் வரைக்கும் படுத்தே கெடந்தேன். அப்புறம் மாஷிமா போய்ட்டாங்க. அந்த ஒரு நாள் அவங்கள விட்டுட்டேனேன்னு அடிக்கடி தோணுது. ஏசணும்னா ஏசிடுங்க."

ஒரு கணம் ஏதோ ஒன்று எனக்குள் எழுந்து நின்றது. அவள் வந்திருந்தால் கஞ்சி ஊட்டியிருப்பாள். அவள் வந்திருந்தால் அந்த அடி இல்லை, அந்தச் சொல் இல்லை, லாஞ்ச் இல்லை, வெள்ளிக்கிழமை இல்லை. எல்லாவற்றையும் இந்தப் பெண்ணின் தலையில் இறக்கி வைத்துவிட்டு நான் எழுந்து போய்விடலாம். இதுவும் ஒரு துரோகம்; காலத்தால் நண்பருடையதற்கும் முந்தியது.

ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "நாற்பத்து மூன்று நாள் ஓய்வில்லாமல் உழைத்தால் யாருடைய உடம்பும் எழாது. நீ கல் இல்லை, மனுஷிதானே. இதை மறந்துவிடு" என்றேன். அதைச் சொல்ல எனக்குச் சிறு முயற்சிகூடத் தேவைப்படவில்லை. அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, "மதியம் சோறு சாப்பிடணும், டீ சோறு ஆகாது" என்று மீண்டும் அதட்டிவிட்டுக் கிழவரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

நான் அங்கேயே அமர்ந்திருந்தேன். அவளுக்கு நாற்பத்து மூன்று நாள். எனக்கு நான்கு ஆண்டு இரவுகள். அவளுடைய களைப்பு எனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியது. என் களைப்பை நான் ஒருமுறையும் விசாரிக்கவில்லை. அடி அடிதான், அதை வாங்கியவள் அதற்குரியவள் அல்ல, களைப்பு அதை இல்லாமலாக்காது. ஆனாலும் அந்த மழைப் புதன்கிழமை அந்தக் கட்டிலருகே கரண்டியோடு இருந்த மனிதன் என் நண்பனாக இருந்து, வந்து என்னிடம் சொல்லியிருந்தால், நான் அவனை ஓராண்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்க மாட்டேன்.

அயலானைத் தன்னைப் போல நேசிக்க வேண்டும் என்பது எங்களுக்குக் கட்டளை. அதன் முதற்பாதியையே வாழ்நாள் முழுவதும் கேட்டுவந்திருக்கிறேன். ஆற்றில் ஆழம் அளக்கப் போகும்போது, குறியிட்ட சங்கிலியை நீரில் இறக்கி, அதோடு ஒப்பிட்டு, முதலில் ஆழம் காட்டும் கருவியைச் சரிபார்ப்போம். கருவி பிழையாக இருந்தால் பிறகு எடுக்கும் ஒவ்வோர் அளவும் பிழை. வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கப்பல் தரைதட்டும். 'தன்னைப் போல' என்ற சொல் அப்படி ஓர் அளவு. அதைச் சரிபார்க்காமல் நான் என் நண்பரை அளந்துகொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதற்குத் தேவைக்கு அதிகமான நேரம் பிடித்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். ஆயாவிடம் எளிதாக வந்த இரக்கம் நண்பரிடம் வரவில்லை. அவருக்கும் சுமை தாளவில்லை என்பதை அறிவு ஒப்புக்கொண்டது. மனம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூலை முதல் ஞாயிறு என் மனைவியின் முதலாம் ஆண்டு நினைவை ஒட்டி வந்தது. பிறந்தநாள், திருமண நாள், நினைவு நாள் உள்ளவர்கள் ஒரு சீட்டில் எழுதிச் செயலரிடம் கொடுப்பார்கள். திருவிருந்துக்கு முன் அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து ஒலிபெருக்கியில் வாசிப்பார். நான் ஒரு சீட்டு எழுதினேன். அடித்ததையும் சொன்னதையும் மூன்று வாக்கியத்தில், எதையும் மறைக்காமல் எழுதி, பெயரிட்டுக் கையொப்பமிட்டேன். பெயரில்லாத ஒரு சகோதரராக அல்லாமல் நானாகவே சபையின் முன் நிற்க விரும்புகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் இருந்தது. வாசலில் அவர் கையில் அதைக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் நான் அவருக்குக் கொடுத்த முதல் பொருள் அது. அவர் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன், கவனித்தும் கொடுத்தேன்.

இரண்டு பிறந்தநாள்களையும் ஒரு திருமண நாளையும் வாசித்தார். பிறகு என் சீட்டைப் பிரித்தார். நின்றுவிட்டார். ஒலிபெருக்கி பழுது என்று எண்ணி ஒருவர் எழுந்து போய் ஒயரைத் திருகினார். செயலர் பீடத்திலிருந்து இறங்கி, நடுவழியே நடந்து, என் பெஞ்சுக்கு வந்து குனிந்தார்.

"இத நான் வாசிக்க மாட்டேன் அண்ணாச்சி."

"வாசியுங்கள். நான்தானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்."

"ஒங்களுக்குச் சொல்லணும்னு இருந்தா நீங்களே எந்திரிச்சுச் சொல்லுங்க. இல்லன்னா சொல்லவே வேண்டாம். எம் வாயால இன்னொரு மட்டம் வராது."

காகிதம் அவர் விரல்களில் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் அதை எழுதினேன் என்பது அப்போது எனக்குத் தெளிவாயிற்று. நாற்பது குடும்பங்களுக்கு முன் அவர் நாக்கு குழறுவதைக் கேட்க விரும்பியிருக்கிறேன். என் மனைவியின் நினைவு நாளை அதற்குக் கருவியாக்கியிருக்கிறேன். ஒருவரை நம்ப வைத்துக் காட்டிக்கொடுப்பது எப்படி என்று நானும் நன்றாகவே கற்றிருந்தேன்.

"வேண்டாம், தம்பி" என்றேன்.

அவர் திரும்பிப் போய், "நம்முடைய அன்புக்குரிய சகோதரியின் முதலாம் ஆண்டு நினைவு. கணவர் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

போதகர் பந்திக்கு அழைத்தபோது நான் எழுந்தேன். கடைக்காரப் பெண் வழிவிட்டாள். மனத்தாங்கல் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பழைய ஒழுங்கின்படி எனக்கு அன்றைக்கும் தகுதி இல்லை. முந்தைய ஐந்து மாதங்களைவிட ஒரு குற்றம் கூடுதலாகவே இருந்தது. ஆனால் பசியோடு வாசலில் நிற்கும் ஒருவனை நான் வேறு யாராக இருந்தாலும் உள்ளே அனுப்பியிருப்பேன். அந்த ஒருமுறை என்னையும் அனுப்பினேன். முழங்காலிட்டு வாங்கினேன். எனக்காக ஒன்று கேட்டேன். அதையே அவருக்காகவும் கேட்டேன். இரண்டாவது விண்ணப்பம் தொண்டையில் சற்றுத் தங்கித்தான் வெளியே வந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நண்பர் குடையைப் பிரிக்காமல் முகப்பில் காத்திருந்தார். சபையார் எங்களைப் பார்த்தும் பாராதவர்கள் போல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, இனிமே எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டிய, அப்படித்தானே?"

யோசித்தேன். அவரிடம் ஒரு பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"தெரியவில்லை, தம்பி. கொஞ்ச நாளைக்கு மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம்."

அவர் தலையசைத்தார். பிறகு, குடையைப் பிரித்துக்கொண்டே, "இந்த மழைக்கு சாந்த்ராகாச்சி பஸ் ஒழுங்கா வராது, கேட்டியளா" என்றார்.

"வராது" என்றேன். "அரை மணி நேரமாவது ஆகும்."

பஸ் வரும் வரை கூட நிற்பதாகச் சொல்லி அவரோடு சாலைக்கு நடந்தேன்.